கருவிழியின்மேல் ஒரு கூட்டல் குறி

முப்பத்தெட்டாவது படத்தில் அந்தக் கூட்டல் குறியை நான் வைத்தது என் மகளின் கருவிழி இருந்த இடத்திலா, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட இடத்திலா? மூன்று வருஷமாக இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது, அவளுக்குத் தலை வாரும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஒரு நாள் 'அங்கேதான் இருந்தது, நான் பார்த்தேன்' என்று தோன்றும். மறுநாள் 'நீ என்னத்தைப் பார்த்தாய், அங்கே இமைதானே இருந்தது' என்று தோன்றும்.

விஷயம் புரிய வேண்டுமானால் நான் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் கம்ப்யூட்டரைப் பெரும்பாலோர் பத்திரிகைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த சமயம் அது. சாரம் என்ற பகுதியில் ஒரு வாடகை வீட்டு மாடியில் மூன்று அறைகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பிரான்ஸில் படித்துவிட்டுத் திரும்பிய பொறியாளர். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். என் வீடு இருக்கும் முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். என் கணவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாடியில் என்ன வேலை என்று அவர் கேட்டபோது, "படத்தில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அது சரியாகச் சொல்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"கண்ணு முன்னாடி இருக்கறத கண்டுபுடிக்கறதுக்கு ஒரு மிஷினு. அந்த மிஷினு சரியா கண்டுபுடிக்குதான்னு பாக்கறதுக்கு நீ. நல்ல வேலடி" என்றார்.

கேமராவில் எடுத்த படம் கம்ப்யூட்டருக்குள் போனதும் அதற்கு அது படமே இல்லை. குறுக்கே நூற்றிருபத்தெட்டு, நெடுக்கே நூற்றிருபத்தெட்டு என்று சின்னச் சின்னக் கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். முழுக் கறுப்பு என்றால் பூஜ்யம், முழு வெள்ளை என்றால் இருநூற்றைம்பத்தைந்து. நாம் முதல் படத்தில் தேட வேண்டிய பொருளைச் சுற்றி ஒரு சதுரம் போட்டுக் காட்டிவிட வேண்டும். அடுத்த படத்தில் அது அந்த இடத்தைச் சுற்றித் தேடி, எங்கே கறுப்பு அதிகமாகத் திரண்டிருக்கிறதோ அங்கே சதுரத்தை நகர்த்தும். இப்படிப் படம் படமாகப் பின்தொடர்ந்து போய், பொருள் சென்ற பாதையை ஒரு கோடாகத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும்.

நான் சேர்ந்த புதிதில், மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னால் ஒரு கறுப்புப் பந்தைக் கயிற்றில் கட்டி ஆட்டிப் படம் எடுத்தோம். பத்துப் படம் வரை சதுரம் பந்தோடு அழகாகப் போனது. பதினொன்றாவது படத்தில் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சதுரம் பந்தை விட்டுவிட்டுக் காக்கையின்மேல் ஏறிக்கொண்டது. காக்கை பறந்ததும் அதுவும் கூடவே பறந்து, படத்தின் ஓரத்தில் போய் நின்றது.

என்னோடு வேலை பார்த்த அக்கா கைகொட்டிச் சிரித்தார். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், பொறியாளரைக் கிண்டலாகவும் மரியாதையாகவும் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். "முசியே, உங்க மிஷினு காக்காகூட ஓடிப்போச்சு!"

அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "இதுல கஷ்டம் என்னன்னா, தொலைச்சுட்டோம்னு அதுக்குத் தெரியாது. பக்கத்துல எது கறுப்பா இருக்கோ அதைப் புடிச்சுக்கிட்டு, இதுதான் பந்துன்னு நம்பிக்கையா எழுதிக்கிட்டே போகும். அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் வேணும்."

அன்று நானும் சிரித்தேன்.

பொறியாளருக்கு உண்மையில் பந்து வேண்டியிருக்கவில்லை, குழந்தைகளின் கண்தான். ஊரில் இருந்த ஒரு கண் டாக்டரம்மா அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். சில குழந்தைகளுக்கு ஒரு கண் சோம்பிப்போகிறது; பார்வை இன்னொரு கண்ணிலேயே நடந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை; பள்ளியில் சேர்ந்து எழுத்துப் படிக்கும்போது கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடுகிறது. கைக்குழந்தையிலேயே கண்டுபிடித்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்துச் சரிசெய்யலாம். பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? ஒரு கண்ணைத் துணியால் மூடி, இன்னொரு கண்ணுக்கு முன்னால் வெளிர்மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். கருவிழி பந்தோடு போகிறதா என்று கேமராவும் கம்ப்யூட்டரும் பார்க்கும். ஒரு கண்ணுக்கு அறுபது படம்.

குழந்தைகளோடு வரும் தாய்மார்களுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். 'குழந்தையின் கண்ணுக்கு மை தீட்டாமல் கொண்டுவரவும். முகத்தில் எந்த இடத்திலும் கறுப்பாக எதுவும் இருக்கக் கூடாது.' படிக்காதவர்களுக்காகவும், படித்தும் கேட்காதவர்களுக்காகவும் மேஜைமேல் நல்லெண்ணெயும் பஞ்சும் இருக்கும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை நான் துடைத்துவிட வேண்டும். அந்த வேலையில் தினமும் ஒரு சண்டை.

"அது இன்னா பண்ணுச்சு உங்கள? ஓரமா ஒரு பொட்டு இருந்தா உங்க கேமராக்குக் கண்ணு தெரியாதா?"

"படம் எடுத்து முடிச்சதும் நீங்களே வெச்சுக்குங்க."

"நீ தொடச்சு, யாரு கண்ணாவது பட்டு, ராத்திரி புள்ள அழுதுச்சுன்னா நீயா வந்து சுத்திப் போடுவ? படிச்சுட்டா போதும், எல்லாத்தயும் தொடச்சுடுவீங்க!"

நான் துடைப்பேன். வேலை அது. ஆனால் என் மகளை வீட்டு வாசலுக்குத் தூக்கிப் போவதானாலும் பொட்டு வைக்காமல் தூக்கியதில்லை. நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வைக்காமல் ஒருமுறை வெளியே போய்ப் பார் என்றால் மாட்டேன்.

அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பாயில் படுக்க வைத்துச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். சாவி இடது பக்கம் போனபோது வலது கண் வந்தது; இடது கண் ஒரு நொடி பின்தங்கி வந்தது போல இருந்தது. மறுபடி ஆட்டினேன். இம்முறை இரண்டும் சேர்ந்தே வந்தன. மறுபடி ஆட்டினேன். அவள் அழத் தொடங்கும்வரை ஆட்டினேன்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன்.

"நாள் முழுக்கக் கண்ணயே பாத்துக்கிட்டிருந்தா சந்தையில கத்திரிக்காகூட ஓரக்கண்ணால பாக்கற மாதிரிதான் இருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயந்துகிட்டே இருக்காத. தூக்கிட்டு வா. நம்ம கேமராதானே. எடுத்துப் பாத்துடுவோம்."

எடுக்க வேண்டிய நாள் வந்தது. விதி எனக்குத் தெரியும், எழுதியதே நான். வீட்டிலேயே அவள் கன்னத்துப் பொட்டை எண்ணெய் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாடிப்படியின் அடியில், வேறு ஒரு குழந்தையைச் சோதனைக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களை நிறுத்தினாள். என் மகளின் தாடையைப் பிடித்து, "யம்மா, எவ்ளோ அழகு! கண்ணப் பாரு, திராட்சப் பழம் மாதிரி!" என்றாள்.

கண்ணைச் சொன்னாள். அன்றைக்கு, அந்தப் படியில், கண்ணை.

அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பையில் மைடப்பி எப்போதும் இருக்கும். விரல்நுனியில் தொட்டு, இடது கண்ணின் ஓரத்துக்கும் காதுக்கும் நடுவில், முடி மறைக்கும் இடமாகப் பார்த்து, கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். முடியை அதன்மேல் இழுத்து விட்டேன். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் மனசு கொஞ்சம் சமாதானமானது.

மேலே போய், அவளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தலை அசையாமல் இருக்க நெற்றியைச் சுற்றி ஒரு மெத்தைப் பட்டை கட்டுவார்கள். வலது கண்ணை மூடினார்கள். பொறியாளர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். அக்கா பந்தை நகர்த்தினார். என் மடியில் இருந்ததால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் வயிறு வேகமாக மேலும் கீழும் போனது என் கைக்குத் தெரிந்தது. நெற்றிப்பட்டை முடியை மேலே தள்ளியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் தாளில் கோடு வந்தது. நாங்கள் கையால் சரிபார்க்கும் வரிசையில் அவள் படங்கள் இன்னும் வரவில்லை. டாக்டரம்மாவும் வந்திருந்தார். வலது கண்ணின் கோடு அலை மாதிரி ஏறி இறங்கியது. இடது கண்ணின் கோடு கொஞ்ச தூரம் ஏறி, இருபத்திரண்டாவது படத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தாளின் கடைசிவரை, அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போனது.

"பாதியில விட்டுடறா" என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு சின்ன வயசுல தெரிஞ்சது நல்லதுதான்மா. ஒட்டுப் போட ஆரம்பிக்கலாம். நான் ஊர்லேர்ந்து வந்ததும், ரெண்டு வாரத்துல."

நல்லது என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை. அந்த நேர்க்கோடு மட்டும் கண்ணுக்குள் இருந்தது.

அன்றிலிருந்து நான் அவளைத் தூக்கினால் முகத்தைத்தான் பார்த்தேன். பால் குடிக்கும்போது, தூங்கி எழும்போது, கொட்டாவி விடும்போது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால் எந்தக் கண்ணால் சிரிக்கிறாள் என்று பார்த்தேன். ஒட்டுக்குப் பழக்க வேண்டுமே என்று ஒரு நாள் வெள்ளைத் துணியை மடித்து அவள் வலது கண்ணின்மேல் கட்டிப் பார்த்தேன். வீறிட்டு அழுதாள். இரண்டு கையாலும் முகத்தைப் பிறாண்டினாள். கன்னத்தில் ரத்தம் கோடு போட்டது. அந்த நேரம் பார்த்து என் கணவர் காலை ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார்.

"இன்னா பண்ற? எந்தக் கண்ணு நல்லா தெரியுதோ அதயா மூடுவாங்க?" துணியை அவிழ்த்து எறிந்தார்.

"டாக்டரம்மா சொன்னாங்க."

"மிஷினு சொல்லுச்சு, டாக்டரம்மா சொன்னாங்க. நீ இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வது? ஒட்டுப் போடாவிட்டால் இடது கண் போய்விடும் என்று பயம். போட்டால், அந்தக் கோடு தவறாக இருந்தால், நன்றாக இருக்கும் வலது கண்ணையும் நானே கெடுத்துவிடுவேனோ என்று பயம். அன்று அவர் சாப்பிடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைவரை நடந்துவிட்டு வந்தார்.

பதினோராம் நாள், படங்கள் பதிந்த பழைய ஃப்ளாப்பிகளை வரிசையாக அடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றையும் போட்டு முதல் படம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு உறையில் எழுத வேண்டும். என் மகளுடையதும் அதில் இருந்தது. முதல் படத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். திரையில் அவள் முகம் கறுப்பும் சாம்பலுமாக, கட்டம் கட்டமாக இருந்தது. சதுரம் கருவிழியைச் சுற்றி இருந்தது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டில் அவள் கண் சிமிட்டியிருந்தாள், இமை மூடியிருந்தது. சதுரம் கருவிழியைக் காணாமல் பக்கத்தில் தேடியிருந்தது.

இருபத்திமூன்றில் அது கண்ணின் ஓரத்துக்கும் காதுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே கடுகளவு ஒரு கறுப்பு.

அறுபதாவது படம்வரை அங்கேயே இருந்தது. தலையைப் பட்டை பிடித்திருந்ததால் பொட்டு அசையவில்லை. அதனால் கோடு நேராகப் போயிருக்கிறது. பொட்டுக்குப் பக்கத்தில் அவள் கண் மறுபடி திறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வந்தது பயம்தான். எத்தனை தாய்மார்களின் பொட்டை இந்தக் கையால் துடைத்தேன்!

முதலில் அக்காவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அதிர்ச்சியா என்று தெரியவில்லை. "மோன் தியே! கடவுளே, நீயா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி விடு. இவ்ளோ படிச்ச நானே ஒவ்வொரு புள்ளைக்கும் பட்டை கட்டறதுக்கு முன்னாடி நெத்தியில சிலுவ போடறேன். என்னுது மையில்ல, அதனால மாட்டல. போய்ச் சொல்லிடு. இப்பவே போ."

பொறியாளர் படங்களை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "அந்த நோட்டீஸ் உங்க கையெழுத்துதானேம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

மறுபடி படம் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது. கேமரா பழுதாகி மெட்ராஸுக்குப் போயிருந்தது. வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா திங்கட்கிழமை திரும்புகிறார். ஒட்டுப் போடுவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும். "இருக்கற படத்தையே கையால குறிச்சுடுங்க" என்றார் பொறியாளர். "வழக்கம்போல ரெண்டு பேரும், தனித்தனியா."

கையால் குறிப்பதற்கும் ஒரு விதி உண்டு. படங்களைக் கம்ப்யூட்டர் வரிசை கலைத்துக் காட்டும். அப்போதுதான் முந்தைய படத்தை வைத்து அடுத்ததை ஊகிக்க மாட்டோம். திரையில் ஒரு கூட்டல் குறி இருக்கும். விசைகளால் அதை நகர்த்திக் கருவிழியின் நடுவில் வைத்து அழுத்த வேண்டும். கருவிழி தெரியாவிட்டால் பூஜ்யம் அழுத்த வேண்டும். ஊகிக்கக் கூடாது. இருவர் குறித்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்தப் படம் செல்லும். சொந்தக் குழந்தையை அம்மாவே குறிக்கக் கூடாது என்று விதி இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. எனக்குத் தோன்றியது. "நான் குறிக்கலாமா?" என்று கேட்டேன். "வேற யாரு இருக்கா?" என்றார் அவர். நான் அதற்குமேல் கேட்கவில்லை. வேறு யாராவது குறித்து மறுபடி நேர்க்கோடு வந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா காலையில் முடித்தார். நான் மத்தியானம் உட்கார்ந்தேன்.

ஐம்பது படங்களுக்குமேல் ஒரு சந்தேகமும் இல்லை. கருவிழி தெளிவாக இருந்தது. அழுகையில் இமை பாதி இறங்கிய படங்கள் சில இருந்தன. நான்குக்குப் பூஜ்யம் அழுத்தினேன். பிறகு அந்தப் படம் வந்தது. வரிசை கலைந்திருந்தாலும் அது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் வெளிறிய ஒரு வளைவு தெரிந்தது: கம்பளிப் பந்தின் விளிம்பு. பந்து கடைசி எல்லைக்குப் போய்த் திரும்பும்போது மட்டும்தான் அப்படித் தெரியும். எத்தனையோ குழந்தைகளைக் குறித்தவள் நான். பந்து எல்லைக்குப் போன மற்றப் படங்களுக்கு ஏற்கெனவே பூஜ்யம் அழுத்தியிருந்தேன். அந்த இடத்தில் கண் ஓரம்வரை போயிருந்தால் குழந்தை பந்தைப் பின்தொடர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போகாமல் நடுவிலேயே நின்றிருந்தால், டாக்டரம்மா சொன்னதுதான்.

இமை பாதிக்குமேல் மூடியிருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். அது கருவிழியின் கீழ்விளிம்பா, இமைமுடியின் நிழலா? கூட்டல் குறியை நடுவில் கொண்டுபோய் வைத்தேன். எடுத்தேன். இரண்டு கட்டம் ஓரமாக நகர்த்தினேன். இன்னும் ஒன்று. அங்கே கொஞ்சம் கறுப்பாக இருந்த மாதிரி இருந்தது. பூஜ்ய விசைமேல் இடதுகை விரல் இருந்தது. வலதுகையால் அழுத்திவிட்டேன்.

இரண்டு பேருடையதையும் சேர்த்துக் கோடு போட்டபோது அது அலையாக வந்தது. வலது கண் அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் அலைதான். முப்பத்தெட்டாவது இடத்தில் அக்காவுடையதும் என்னுடையதும் ஒரு கட்டம்தான் வித்தியாசம். டாக்டரம்மா அந்த உச்சியின்மேல் விரலை வைத்தார். "இதோ பாருங்க, எல்லை வரைக்கும் போயிருக்கா. கொஞ்சம் மெதுவா இருக்கா, அவ்வளவுதான். ஒட்டு வேண்டாம். ஆறு மாசம் கழிச்சுக் காட்டுங்க."

அன்று முத்தியால்பேட்டைவரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. என் கணவர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அன்றைக்கு மட்டும் அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு மாதத்துக்குள் டாக்டரம்மா கணவரோடு பிரான்ஸுக்குப் போய்விட்டார். கேமரா திரும்பி வந்தது. இன்னொருமுறை எடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு நாளும் கேட்க நினைத்து, சோதனை முடிந்து எனக்கு அங்கே வேலை தீர்ந்துபோகும்வரை கேட்கவில்லை. கடைசி நாள் விடைபெறும்போது அக்காவிடம், "உங்களுக்கு முப்பத்தெட்டு நல்லா தெரிஞ்சுதாக்கா?" என்றேன்.

அவர் படி இறங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நான் மட்டும் கல்லா? பத்து நாளா உன் மூஞ்சியயும்தானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அதுவும் ஒரு பயம்தான்.

இப்போது அவளுக்கு நான்காவது வயது நடக்கிறது. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். பஸ் வந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறாள். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தையும் இடித்துக்கொள்கிறது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். வலது கண்ணைப் பொத்தி விளையாடினால் என் கையைத் தள்ளிவிடுகிறாள். இடது கண்ணைப் பொத்தினாலும் தள்ளிவிடுகிறாள். எதை வேகமாகத் தள்ளுகிறாள் என்று நான் பார்க்கிறேன், ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று. பயந்த நாளில் பயந்த மாதிரியும், தைரியமான நாளில் தைரியமான மாதிரியும் தெரிகிறது. "நீ இன்னா, அவள படம் புடிச்சுக்கினே இருக்கியா?" என்று என் கணவர் கேட்கிறார். அவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால், "நல்லாதான் இருக்கறா" என்று பார்க்காமலே சொல்கிறார்.

போன மாதம் புதிய டாக்டரிடம் காட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர் இருந்தார்கள். பழைய தாளை நீட்டினேன். அந்த அலையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "கம்ப்யூட்டர் போட்டதா? கைக்குழந்தையிலேயே நல்லா இருந்திருக்கே. படம் பாத்துச் சொல்ற சோதனைக்கு ஒரு நாள் நிதானமா கூட்டிட்டு வாங்க, அவசரம் இல்ல" என்றார். அவசரம் இல்லை என்று அவர் சொன்னது என் மகளின் கண்ணைப் பார்த்தல்ல. அந்தத் தாளைப் பார்த்து. அந்தக் கோட்டைப் போட்டது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு குழந்தை அழுதது. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமைக்கு மறுபடி சீட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளை இம்முறை கொண்டுபோகாமல், 'இவளை இன்றுதான் முதல்முறை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்' என்று மட்டும் சொல்லலாமா? 'பழைய தாள் எங்கே' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? பொட்டு வைத்ததையும் குறி வைத்ததையும் சொன்னால், இன்னும் அந்த மாடியில் வேலை பார்க்கும் அக்காவின் பேரும் அதில் வரும். அவர் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. சொல்லாவிட்டால், அந்த அலையை நம்பி டாக்டர் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

குழந்தைக்கு ஒரு கண் சோம்பி, அதைக் கண்டுபிடித்த தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். முதலில் எதைப் பார்த்து உங்களுக்குத் தெரிந்தது? உண்மையில் இருந்ததைத்தான் பார்த்தீர்கள் என்று எப்படி உறுதி செய்துகொண்டீர்கள்? நான்கு வயதுக்குள் ஒட்டுப் போட ஆரம்பித்துப் பார்வை வந்த குழந்தை உங்கள் வீட்டில் உண்டா? புதன்கிழமை நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா, அக்காவை விட்டுவிட்டு என்னை மட்டும் சொன்னால் போதுமா?